வீடியோ விளையாட்டில் துலங்கல் நேரத்தைக் குறைப்பது எப்படி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில், சனி, ஞாயிறு மாலைகளில் என் தங்கையின் மகனும் அவனுடைய நண்பர்கள் மூவரும் கூடி வலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுவார்கள். சில மாதங்களுக்கு முன்னர், ஒரு மாலை முழுவதும் தன் அணியில் தானே முதலில் வீழ்ந்துகொண்டிருந்த அவன், ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மாமா, என்ர கை ஸ்லோவா?" என்று கேட்டான். அவ்வளவு மனம் நொந்து கேட்ட கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசித்தும், அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அளந்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அவனுடைய கை மெதுவானதன்று. எதிரி திரையில் தோன்றுவதற்கும் நம்முடைய குண்டு அவனைச் சென்றடைவதற்கும் இடையில் கழியும் நேரத்தில், நரம்புகளின் வேகத்தால் தீர்மானிக்கப்படும் பங்கு சிறிதளவே குறையக்கூடியது. திரையும் இணைய இணைப்பும் விழுங்கும் பங்கு, கண் தவறான இடத்தில் இருந்ததால் வீணாகும் பங்கு, முடிவெடுக்கத் தயங்கும் பங்கு, தூக்கமின்மையால் கூடும் பங்கு ஆகியவையே பெருமளவு குறையக்கூடியவை.

முதலில் உங்களுடைய அளவை அறிந்துகொள்ளுங்கள். தூண்டல், துலங்கல் என்று பாடசாலை விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள். தூண்டல் கிடைத்த கணத்திலிருந்து துலங்கல் தொடங்கும் வரையான இடைவெளியே துலங்கல் நேரம். அதை அளக்க 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று போதும். நண்பர் ஒருவர் அதன் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட, நீங்கள் பூச்சியக் குறியின் மட்டத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சற்று விரித்து வைத்திருக்க வேண்டும். அவர் முன்னறிவித்தல் இன்றி விட்டதும் பிடியுங்கள். 15 சென்ரிமீற்றரில் பிடித்தால் ஏறக்குறைய 175 மில்லிசெக்கன், 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் 200 மில்லிசெக்கன், 25 சென்ரிமீற்றரில் பிடித்தால் 225 மில்லிசெக்கன் கழிந்திருக்கிறது. அடிமட்டம் முழுவதுமாக நழுவிப்போனால் ஏறத்தாழ 250 மில்லிசெக்கனைத் தாண்டிவிட்டீர்கள். பதினொரு முறை செய்து, பெறுமானங்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்த ஒன்றை மட்டும் குறித்து வைப்பது உங்களையே ஏமாற்றும், ஏனெனில் அது பெரும்பாலும் நண்பரின் விரல் அசைவை ஊகித்துப் பிடித்ததாக இருக்கும்.

ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் திரையில் நிறம் மாறியதும் பொத்தானை அழுத்துவதற்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லிசெக்கன் வரை எடுப்பார். உலகத் தரத்திலான குறுந்தூர ஓட்டப் போட்டிகளில், வெடியொலி கேட்டு 100 மில்லிசெக்கனுக்குள் புறப்படுபவர் ஒலியைக் கேட்டுப் புறப்படவில்லை, முந்திக்கொண்டார் என்றே விதி கருதுகிறது. ஆகவே 250 மில்லிசெக்கனை 100 ஆக்கித் தருவதாகச் சொல்லும் எந்தச் செயலிக்கும் மாத்திரைக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த எளிய சோதனையும் விளையாட்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே தூண்டலுக்கு ஒரே துலங்கல் காட்டுவதைவிட, பலவற்றில் எது வந்தது என்று பிரித்தறிந்து அதற்குரியதைத் தெரிவுசெய்து காட்டுவதற்குக் கூடுதல் நேரம் செல்கிறது என்பதை 1868இல் ஒல்லாந்து உடலியலாளர் பிரான்சிஸ்கஸ் டொண்டர்ஸ் அளந்து காட்டினார். விளையாட்டு நம்மிடம் கேட்பது இந்த இரண்டாவது வகை: வந்தவன் நம்மவனா எதிரியா, சுடுவதா மறைவதா, தலையைக் குறிவைக்க நேரம் உண்டா என்பவை எல்லாம் அந்த ஒரு கணத்துக்குள் தீர வேண்டும். 1952இல் உளவியலாளர் வில்லியம் ஹிக், அடுத்த ஆண்டில் ரே ஹைமன் ஆகியோர் செய்த ஆய்வுகளின்படி, தெரிவுகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் துலங்கல் நேரம் ஏறக்குறைய ஒரே அளவால் கூடுகிறது. எதிரி வரக்கூடிய இடங்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டீர்கள் என்றால், விரலின் வேகத்தை மாற்றாமலேயே துலங்கல் வேகம் கூடிவிடும்.

கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய அரைச் செக்கனுக்கும் சற்றுக் குறைவான நேரமே எடுக்கிறது. தொழில்முறைத் துடுப்பாட்டக்காரர்கள், ஆடுகளத்தில் எதிர்பாராமல் திசைமாறும் பந்துக்குத் தங்கள் துடுப்பைத் திருத்திக்கொள்ள 200 மில்லிசெக்கன் அளவில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் பீற்றர் மெக்லியொட் 1987இல் காட்டினார். அந்த வகையில் அவர்கள் நம்மைவிட வேகமானவர்கள் அல்லர். பின்னர் அவரும் மைக்கல் லாண்டும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பந்து கையைவிட்டுப் புறப்படுவதைப் பார்த்த துடுப்பாட்டக்காரரின் கண், பந்தைத் தொடர்ந்து ஓடாமல், அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிச் சென்று காத்திருக்கிறது என்பதைக் காட்டியது. திறமை கூடியவரின் கண் விரைவாகத் தாவுகிறது. துப்பாக்கி விளையாட்டில் நாம் பழக்க வேண்டியதும் இதைத்தான்.

பயிற்சியைத் தொடங்குமுன் நேரம் எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். இதற்காக நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை மிக எளியது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டுமே செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆட்டத்தைச் செக்கனுக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப்படங்கள், என்ற வேகத்தில் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேமும் ஏறக்குறைய 17 மில்லிசெக்கன். நீங்கள் வீழ்ந்த பத்துத் தருணங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பிரேம் பிரேமாக நகர்த்தி மூன்று இடங்களைக் குறியுங்கள்: எதிரியின் உடலில் ஏதேனும் ஒரு பகுதி முதன்முதலாகத் தெரிந்த பிரேம், உங்களுடைய குறிப்புள்ளி (துப்பாக்கி குறிவைக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி) அவனை நோக்கி அசையத் தொடங்கிய பிரேம், உங்கள் முதற் குண்டு வெளியேறிய பிரேம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 12 அல்லது 15 பிரேம்கள் இருந்தால் உங்கள் துலங்கல் சாதாரணமானதே. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் நீண்ட இடைவெளி இருக்கிறது என்றால், குறை நரம்பில் இல்லை, குறிப்புள்ளி இருந்த இடத்தில் இருக்கிறது. என் மருமகனுக்கு அப்படித்தான் இருந்தது. அவன் நேரத்துக்கு அசைந்திருக்கிறான், ஆனால் நிலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தபடியால் குறிப்புள்ளி ஒவ்வொரு முறையும் திரையின் பாதித் தூரம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. முதல் இடைவெளி 25 பிரேமையும் தாண்டிச் செல்கிறது என்றால், அந்த நேரத்தில் கண் வரைபடத்திலோ தோட்டா எண்ணிக்கையிலோ இருந்திருக்கும், அல்லது மனம் வேறொரு மூலையை எதிர்பார்த்திருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் மணிக்கணக்காகப் பயிற்சி செய்வது, நோயை அறியாமல் மருந்து குடிப்பதற்கு ஒப்பானது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை புதிய படத்தைக் காட்டுகிறது. 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் ஏறக்குறைய 7 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை காட்டுகிறது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் புதியது வாங்கப் போகுமுன், வீட்டில் இருப்பது முழு வேகத்தில் இயங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் ஒன்று, விண்டோஸ் அமைப்புகளில் 60 என்றே விடப்பட்டிருந்ததால், பல மாதங்கள் 60இலேயே ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டின் அமைப்புகளில் வி-சிங்கை (V-Sync, பிரேம்களை மொனிட்டரின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதி) நிறுத்துங்கள். படம் கிழிபடாமல் இருப்பதற்காக அது தாமதத்தைச் சேர்க்கிறது. நிழல், ஒளித்தெறிப்பு போன்ற அலங்காரங்களைக் குறைத்து, பிரேம் எண்ணிக்கை விழாமல் சீராக இருக்கும்படி செய்யுங்கள். தொலைக்காட்சியில் விளையாடுவோர் அதன் கேம் மோடை இயக்க வேண்டும். மௌஸ் தன் அசைவைக் கணினிக்கு அறிவிக்கும் வேகம் (polling rate) 125 ஹேர்ட்ஸில் இருந்தால் 1000 ஹேர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். 8 மில்லிசெக்கன் 1 ஆகக் குறையும். புளூடூத் ஹெட்செட்டில் ஒலி 100 மில்லிசெக்கனுக்கும் அதிகமாகப் பிந்தி வருவது வழமை என்பதால், விளையாட்டுக்கு வயர் உள்ள ஹெட்செட்டே நல்லது.

நம்மில் பலர் கைப்பேசியில் பப்ஜியோ பிரீ ஃபயரோ விளையாடுபவர்கள். கொழும்பின் வெக்கையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் கைப்பேசி விரைவில் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆதலால் முன்னரே சார்ஜ் செய்துவிட்டு, உறையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் இருந்து விளையாடுங்கள். பற்றரி சேமிப்பு முறையை நிறுத்திவிட்டு, திரையில் 90 அல்லது 120 ஹேர்ட்ஸ் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு பெருவிரல்களால் மட்டும் ஆடுபவர், சுடுவதற்கு ஒரு விரலை வேறொரு வேலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. சுடும் பொத்தானை மேல்மூலைக்கு மாற்றிச் சுட்டுவிரலுக்குக் கொடுத்தால் அந்தப் பயணம் முழுவதுமாக இல்லாமற்போகும். முதல் இரண்டு வாரங்கள் ஆட்டம் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பைப் பற்றிச் சொல்வதானால், ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் செல்கிறது. கொழும்பிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றரும் சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றரும் இருப்பதால், போய்த் திரும்புவதற்கு முறையே 15, 27 மில்லிசெக்கனுக்குக் குறைவாக எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. கடலடிக் கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையான பிங் (செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) இதைவிடக் கூடவே இருக்கும். நம்மால் குறைக்கக்கூடியது வீட்டுக்குள் இழக்கப்படும் பகுதி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற தொடர்மாடி நெருக்கமுள்ள இடங்களில், இரவு எட்டு மணிக்கு மேல் சுற்றியுள்ள வீடுகளின் வைபை எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சனல்கள் மூன்றே இருப்பதுதான் காரணம். முடிந்தால் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள்; முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறி ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். விளையாட்டுக்குள் மும்பையையும் சிங்கப்பூரையும் வெவ்வேறு வேளைகளில் சோதித்துப் பார்த்து, குறைந்த பிங் காட்டுவதை அல்ல, ஏற்ற இறக்கம் குறைந்ததைத் தெரிவுசெய்யுங்கள். எப்போதும் 70 ஆக இருக்கும் இணைப்புக்குக் கை பழகிவிடும். 40க்கும் 120க்கும் இடையில் துள்ளும் இணைப்புக்கு எந்தக் கையும் பழகாது.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரே உண்மையான பயிற்சி தொடங்குகிறது. குறிப்புள்ளியை எப்போதும் தலை உயரத்தில், எதிரி அடுத்ததாக வரக்கூடிய இடத்தில் வைத்திருக்கப் பழகுங்கள். இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் சுவரின் விளிம்பை ஒட்டி வைத்தால் போதும் என்று எண்ணிவிடுவார்கள். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வெளியே ஓடிவரும் ஒருவன், நீங்கள் அவனைக் கண்டு விரலை அழுத்தும் 200 மில்லிசெக்கனுக்குள் 1 மீற்றர் நகர்ந்துவிடுவான். ஆகவே குறிப்புள்ளி விளிம்பிலிருந்து அந்த அளவு தள்ளி இருக்க வேண்டும். மெதுவாக எட்டிப் பார்ப்பவனை எதிர்பார்த்தால் விளிம்புக்கு அருகில், பாய்ந்து வருபவனை எதிர்பார்த்தால் அகல. நீங்களும் மூலையை ஒட்டி நிற்காமல் பின்தள்ளி நில்லுங்கள். அருகில் நின்றால் அவன் உங்கள் திரையில் வேகமாகக் குறுக்கே பாய்வான். தள்ளி நின்றால் அதே ஓட்டம் மெதுவாகத் தெரியும். இணையத் தாமதம் காரணமாக, மூலைக்கு வெளியே நகர்ந்து வருபவன் காத்திருப்பவனைச் சற்று முன்னதாகவே காண்கிறான் என்பதால், பிங் கூடிய நாள்களில் ஒரே இடத்தில் காத்திருக்காதீர்கள். ஒருவரை வீழ்த்தியதும் இடம் மாறுங்கள்.

தெரிவுகளைக் குறைப்பது இதன் அடுத்த பாதி. ஒரு திறந்த வெளிக்குள் நுழையும்போது மூன்று மூலைகளும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்க்கும்படி நுழையாமல், ஒன்றை முடித்து மற்றொன்று திறக்கும்படி கோணம் கோணமாக நகருங்கள். ஒவ்வொரு இடத்திலும், "இங்கே வந்தால் சுடுவேன், அங்கே வந்தால் பின்வாங்குவேன்" என்று ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் முன்னதாகவே சொல்லிக்கொள்ளுங்கள். என் மருமகனும் நண்பர்களும் இதைத் தமிழில் வாய்விட்டே சொல்லிப் பழகினார்கள். முதலில் கூச்சமாக இருந்தாலும், ஒருவர் சொல்வது மற்றவரின் தெரிவையும் குறைத்துவிடுகிறது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். மௌஸ் வேகத்தையும் பொத்தான்களின் இடத்தையும் தோற்ற நாளெல்லாம் மாற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றமும் கை மறந்திருந்த ஒரு தெரிவை மறுபடியும் மூளையிடம் கொண்டுவந்து நிறுத்துகிறது.

காதையும் மறந்துவிடக் கூடாது. ஒலிக்கான துலங்கல் ஒளிக்கானதைவிட ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிசெக்கன் விரைவானது. அதைவிடப் பெரிய நன்மை, காலடியோசை எதிரி தெரிவதற்கு ஒரு செக்கனுக்கும் முன்னரே அவன் வரும் பக்கத்தைச் சொல்லிவிடுகிறது என்பதுதான். காலி வீதிப் பக்கத்து ஜன்னலை மூடி, இசையை நிறுத்தி, பயிற்சி ஆட்டமொன்றில் கண்ணை மூடிக்கொண்டு நண்பரை நடக்கச் சொல்லி, அவர் நிற்கும் திசையை விரலால் காட்டிப் பழகுங்கள்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதுமானது. முதல் ஐந்து நிமிடம் ஏம் லேப் போன்ற இலவசப் பயிற்சி மென்பொருளில், வேகத்தைப் பற்றி எண்ணாமல் தவறின்றிச் சுடுவதற்கு மட்டும் செலவிடுங்கள். வேகமும் துல்லியமும் ஒன்றையொன்று இழுப்பவை. பத்தில் ஒன்பது படும் வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். மீதி நேரத்தை விளையாட்டுக்குள்ளேயே, ஒரே வரைபடத்தில், ஒரே மூலைகளைத் திரும்பத் திரும்பக் கடப்பதில் செலவிடுங்கள். நிறம் மாறும் பெட்டியை அழுத்தும் இணையச் சோதனைகளை மாதம் ஒருமுறை அளப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். அதையே பயிற்சியாகச் செய்வதால் அந்தச் சோதனையில் மட்டுமே தேர்ச்சி கிடைக்கும்.

உடலைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி தூக்கத்தைப் பற்றியது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரங்களுக்கு இரவுக்கு 6 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் துலங்கலும், இரண்டு இரவுகள் வரை அறவே தூங்காதவர்களின் நிலைக்கு நிகராகக் கெட்டிருந்தன; தாங்கள் அவ்வளவு கெட்டிருக்கிறோம் என்பதை அவர்கள் உணரவுமில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, விடியற்காலை வகுப்புக்கு எழும்ப வேண்டிய நிலையில் இரவு ஒரு மணிவரை விளையாடினால், படிப்பும் கெடும், தான் விரும்பும் அந்த விளையாட்டும் கெடும். பெற்றோர் இதை ஏச்சாகச் சொல்லாமல் அளவாகக் காட்டுங்கள்: நன்றாகத் தூங்கிய நாளிலும் தூங்காத நாளிலும் அடிமட்டத்தைப் பிடிக்கச் செய்து இரண்டையும் எழுதி வைக்கச் சொன்னால், பிள்ளை தானே விளங்கிக்கொள்ளும். ஒரு கோப்பை தேநீரோ கோப்பியோ விழிப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள கஃபீனில் பாதி உடலில் இருந்து நீங்க ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும் என்பதால், மாலை நான்கு மணிக்குப் பின்னர் குடிப்பது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். வியர்க்கும் அறையில் தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்திருங்கள். மணிக்கட்டிலோ பெருவிரலிலோ வலி தொடங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள். வலியோடு பழகிய அசைவு தவறான அசைவு.

முப்பது வயதைக் கடந்தவர்கள் பலர், தங்களுக்கு இனி இது சரிவராது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி உத்தி விளையாட்டை விளையாடும் 3,000க்கு மேற்பட்டோரின் ஆட்டங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, விளையாட்டுக்குள்ளான துலங்கல் 24 வயதளவிலேயே மெல்லக் குறையத் தொடங்குகிறது என்று கண்டது. அதே ஆய்வு, மூத்தவர்கள் எளிய உத்திகளாலும் குறுக்குவழிகளாலும் அதை ஈடுசெய்கிறார்கள் என்றும் கூறியது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், கணத்துக்குக் கணம் துலங்க வேண்டிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற சண்டை வீடியோ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற தென்கொரிய வீரர் கிம் குவான்-வூவுக்கு அப்போது 44 வயது.

போட்டிக்குச் செல்லும் நாளைப் பற்றி ஒரு சொல். கொழும்பில் போட்டி நடக்கும் மண்டபங்களும் கேமிங் நிலையங்களும் பெரும்பாலும் கடுமையாகக் குளிரூட்டப்பட்டவை. வெளியே வெயிலில் நின்றுவிட்டு உள்ளே போய் அரைமணித்தியாலம் காத்திருக்கும்போது விரல்கள் விறைத்துப்போகும், குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகவே ஓடும். நீண்ட கையுள்ள சட்டையொன்றைக் கொண்டுபோங்கள். முறை வரும் வரை கைகளை அதற்குள் வைத்திருங்கள். உங்களுடைய மௌஸையும் வயர் ஹெட்செட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மௌஸ் வேகம், விளையாட்டுக்குள்ளான வேகம், குறிப்புள்ளியின் அமைப்பு, பொத்தான்களின் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் உட்கார்ந்ததும் முதலில் மொனிட்டர் எத்தனை ஹேர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். குறைவாக இருந்தால், ஆட்டம் தொடங்கு முன்னரே கையை உயர்த்தி நடுவரிடம் சொல்லுங்கள்.